நாலரை மணிக்குள் ஒரு மணி நேரம்

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் நான்காம் தேதி, திங்கட்கிழமை, ராஜகீழ்ப்பாக்கம் பாரிஜாத நகர் சங்கக் கட்டிடத்துக்குள் மாலை நாலரை மணி ஒரு மணி நேரம் நீடித்தது. கட்டிடத்துக்கு வெளியே அது வழக்கம்போல் ஒரு நிமிடம்தான். அன்று தாம்பரம் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் வரவில்லை என்பதால் தெரு முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்தது. நாலரை மணி விஷயம் வெளியே தெரிய இன்னும் பதினெட்டு நாள் பிடித்தது.

இதற்குக் காரணமான குல்ஷன், இரண்டாவது குறுக்குத் தெருவில் மெத்தைக் கடை சௌகத் அலியின் மனைவி. தாம்பரம் சானடோரியம் பக்கம், பொறியியல் கல்லூரிகளுக்குப் பயிற்சிப் பலகை செய்து தரும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். பலகை என்றால் நோட்டுப் புத்தக அளவில் ஒரு பச்சை போர்டு. அதன் ஒரு மூலையில் கால்குலேட்டரில் இருப்பதுபோல் பதினாறு பொத்தான்கள், இன்னொரு மூலையில் எட்டுச் சின்ன விளக்குகள். பொத்தான்களை அமுக்கி நிரலை ஏற்றினால் விளக்குகள் சொன்னபடி எரியும். சுவிட்சை அணைத்தால் சொன்னதெல்லாம் மறந்துவிடும். சால்டரிங் முடிந்த ஒவ்வொரு போர்டிலும் ஒரு நிரலை ஏற்றி, விளக்கைச் சிமிட்டவைத்துப் பார்த்த பிறகே குல்ஷன் பெட்டியில் அடைப்பாள். நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கிய இளைஞர்கள் வேலைக்குச் சேர்ந்து போர்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல லைட் எங்க வரும் மேடம்?" என்று கேட்பார்கள். 2007இல் கம்பெனியை மூடியபோது அவளுக்கு ஒரு சர்வீஸ் சான்றிதழும், கழித்துப்போட்ட போர்டுகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றும் கொடுத்தார்கள். சான்றிதழில் அவள் 'செமி ஸ்கில்டு' என்று போட்டிருந்தது. தலைகீழாகப் பிடித்த இளைஞர்கள் எல்லாம் முழு ஸ்கில்டு.

குல்ஷன் அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. அட்டைப்பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும்போதே தீர்மானித்துவிட்டாள். தெருப் பிள்ளைகளில் பத்துப் பேருக்காவது இந்த போர்டில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வாரத்தில் ஐந்து நாள். சங்கக் கட்டிடம் சும்மாதான் கிடந்தது. ஷாமியானா கம்பிகளும் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சும் மட்டுமே அதில் குடியிருந்தன. எனவே அனுமதி கேட்டு சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவள் செய்த ஒரே தவறு அதுதான்.

சங்கத் தலைவர் யக்ஞநாராயணன், ஒரு அலுவலகத்தில் முப்பத்துநாலு ஆண்டுகள் கோப்புகளை மேலே அனுப்பியும் கீழே இறக்கியும் ஓய்வுபெற்றவர். வீட்டில் காபி கேட்பதைக் கூட 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்று ஆரம்பிப்பார் என்பது தெருவில் பேச்சு. அவர் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே ஒரு திட்டமிடல் குழுவை அமைத்தார். குழு ஓராண்டில் பதினோரு முறை கூடியது. முதல் நான்கு கூட்டங்கள் பெயருக்கே போயின. 'பாரிஜாத நகர் சிறார் நுண்மின்னணு நிரலாக்க அறிவியல் மேம்பாட்டு மன்றம்' என்று முடிவாகி, அது பேனரில் அடங்கவில்லை என்று ஐந்தாவது கூட்டம். பேனரை அகலப்படுத்தினால் வாசல் போதவில்லை என்று ஆறாவது. பிறகு சிறப்பு விருந்தினர் யார், அவர் வராவிட்டால் யார், வராதவருக்குப் பொன்னாடையை வீட்டில் கொண்டுபோய்ப் போர்த்தலாமா என்று மழைக்காலம் கழிந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் குல்ஷன் எழுந்து, "பசங்க எத்தன மணிக்கு வருவாங்க சார்? அத முதல்ல பாக்கலாமா?" என்று கேட்பாள். "அது நடைமுறை விஷயம்மா. கொள்கை முடிவாகட்டும்" என்பார் தலைவர்.

நடைமுறை விஷயத்தை அவளே பார்த்தாள். பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, அவற்றின் பின்பக்கத்தில் பத்துப் பிள்ளைகளுக்கும் கோடு போட்டு, வீடு வீடாகப் போய் விசாரித்து நிரப்பினாள். திங்கள் அபாகஸ், செவ்வாய் ஹிந்தி, புதன் கீபோர்டு. ஆஸ்டினுக்கு சர்ச் கொயர், அவள் மகள் ரூக்சாருக்கு அரபி வகுப்பு. இவை எல்லாவற்றையும் தாண்டி, வாரம் முழுக்க, நாலே முக்காலுக்கு சுந்தரராமன் சாரின் கணக்கு டியூஷன். தாள் நிரம்பியபோது அதில் ஒரு குண்டூசி குத்த இடமில்லை. நாலே காலுக்கு ஸ்கூல் வேன் வரும். முகம் கழுவி ஒரு வாய் பால் குடிக்க நாலரை ஆகும். நாலு நாற்பதுக்குக் கிளம்பினால்தான் சுந்தரராமன் வீட்டில் உட்கார இடம் கிடைக்கும். ஆக நடுவில் பத்து நிமிடம்.

சௌகத் அலி தாளை எட்டிப்பார்த்தார். "பத்து நிமிஷத்துல என்னத்தக் கத்துக்குடுப்ப? சுவிட்சு போடவே சரியாப்போகும்."

"அப்ப மொத நாள் சுவிட்சு போடக் கத்துக்கட்டும். மறுநாள் அடுத்தது."

"வருஷம் பூரா போட்டாலும் பாதிதான் முடியும்."

"வருஷம் எங்கயும் போயிடாதுங்க" என்றாள் குல்ஷன். சௌகத் அலி எழுந்துவிட்டார். அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மெத்தைக்குப் பஞ்சு அடைக்கப் போய்விடுவது அவர் வழக்கம்.

அட்டைப்பெட்டியிலிருந்து பத்து போர்டுகளைத் தேற்றிவிட்டாள். எல்லாவற்றிலும் ஒரே கோளாறுதான்: போர்டுக்கு நாடித் துடிப்பு மாதிரி தாளம் போட்டுக்கொடுக்கும் கிரிஸ்டல் செத்துப்போயிருந்தது. புதிதாக வாங்க அலையாமல், வீட்டில் கிடந்த சுவர்க் கடிகாரங்களைப் பிரித்தாள். சங்கத்தின் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் வீட்டுக்கு ஒரு கடிகாரம், தலைவரின் படம் போட்டு, நினைவுப் பரிசாகக் கொடுப்பார்கள். எந்த வீட்டில் கேட்டாலும் இரண்டை மகிழ்ச்சியாக எடுத்துக்கொடுத்தார்கள். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஒருவர், கடிகாரத்துக் கிரிஸ்டல் இந்த போர்டில் ஓடவே ஓடாது என்று சத்தியம் செய்தார். ஓடியது. திறப்பு விழாவாகக் கருதப்படாது என்ற நிபந்தனையின் பேரில் தலைவர் சாவியைக் கொடுத்தார். ஜூலை பதினான்காம் தேதி, நாலரை மணிக்கு, பெயரில்லாத அந்த மன்றம் பத்து நிமிடம் நடந்தது.

முதல் வாரத்தில் சுவிட்சு போட்டார்கள், பொத்தான் அமுக்கினார்கள். இரண்டாம் வாரத்தில், ஆறாவது படிக்கும் ஜெனியின் போர்டில் ஒரு விளக்கு சிமிட்டியது. எரி, காத்திரு, அணை, காத்திரு என்று நாலே விஷயம்தான் நிரல். 'காத்திரு' என்பது போர்டை இருநூற்றைம்பதிலிருந்து பூஜ்யம் வரை சும்மா எண்ணச் சொல்வது. அன்று பிள்ளைகள் நாலு நாற்பதுக்குப் போனபிறகு, தன் கைக்கடிகாரம் ஆறு நிமிடம் வேகமாகப் போயிருப்பதைக் குல்ஷன் பார்த்தாள். மறுநாள் இரண்டு போர்டு சிமிட்டின, பன்னிரண்டு நிமிடம். ஆகஸ்ட் நாலாம் தேதி பத்தும் சிமிட்டின. பிள்ளைகள் நிதானமாக இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று விளக்குகளை ஓடவிட்டு, தப்புப் பண்ணி, அழித்து, மறுபடி எழுதி, ஒரு சண்டையும் போட்டு முடித்து வெளியே வந்தபோது, உள்ளே நுழைந்தபோது வண்டியைத் திருப்பத் தொடங்கியிருந்த வேன்காரர் இன்னும் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். குல்ஷன் முதல் வேலையாகப் பத்து போர்டிலும் சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சரியாக இருந்தது. அத்துடன் அவளுக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஒரு போர்டுக்கு ஆறு நிமிடம், எழுதுகிறவர் அன்றன்றைக்குப் புதிதாக எழுதினால் மட்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, மறுநாளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வைத்தாள். ஒரு மணி நேரம் என்றால் பிள்ளைகளுக்குப் பசிக்கும் அல்லவா.

விஷயத்தை வெளியே கொண்டுபோனது மாரி. சங்கத்தின் தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்துவது அவர் வேலை. சுவிட்சு அந்த அறைக்குள் இருந்ததால் நாலரைக்கு வந்து மோட்டாரைப் போட்டுவிட்டு, ஷாமியானா துணிமேல் சாய்ந்து தினமும் ஒரு தூக்கம் போட்டார். பதினெட்டு நாளில் இப்படித் தூங்கியே முகம் தெளிந்து, இரண்டு சுற்று பூசினாற்போல் ஆகிவிட்டார். டீக்கடையில் காரணம் கேட்டார்கள்.

"நான் சொன்னா நம்பமாட்டீங்க. டீய திட்டு மேல வெச்சிட்டு உள்ள பூந்தேன். ஒரு மணி நேரம் தூங்கிகினு, எந்திரிச்சி வந்து பாக்குறேன், டீ ஆவி பறந்துகினு கீது. டேங்க்ல ஒரு சொட்டு தண்ணி ஏறல. அந்த அக்கா உள்ள டைம நிறுத்தி வெச்சிகினு கீதுபா!"

டீக்கடையில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒருவர் மட்டும், "சனி, ஞாயிறும் உண்டா?" என்று கேட்டார். அன்று மாலைக்குள் அது சுந்தரராமன் காதுக்குப் போனது. சுந்தரராமன் இருபது வருடமாக ஒருநாளில் இருபத்துநாலு மணி நேரமே இருப்பதைத் தனிப்பட்ட அவமானமாகக் கருதிவந்தவர். அடுத்த ஞாயிறே அவசரப் பொதுக்குழு கூடியது.

நாற்பத்துமூன்று பேர் வந்தார்கள். காலம் ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை விளக்கு எரியவைத்து வீணாக்குவதா, அதில் ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் வகுப்பை வைப்பதா என்பதே பொருள். சுந்தரராமன் கரும்பலகையில் கணக்குப் போட்டார். வருடத்துக்கு இருநூறு மணி நேரம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆயிரத்து நானூறு. "ஊர்ல வேற எந்தப் பையனுக்கும் கிடைக்காத ஆயிரத்து நானூறு மணி நேரம்! நம்ம தெருவுக்கு மட்டும்! இத லைட் போட்டு விளையாடறதுக்கா குடுத்தான் ஆண்டவன்?" என்று அவர் கேட்டபோது சில தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவர் யக்ஞநாராயணன், காலம் என்பது சங்கக் கட்டிடத்தில் உற்பத்தியாவதால் அது சங்கத்தின் பொதுச் சொத்து என்று இருபது நிமிடத்தில் நிறுவினார்.

குல்ஷன் எழுந்தாள். "அந்த நேரம் கட்டிடத்துல வரல சார். பசங்க எழுதறதுல வருது. எழுதலன்னா வராது."

"அப்ப நாங்க எழுதிட்டுப் போறோம்மா" என்றார் சுந்தரராமன். "பத்து பெரியவங்க இந்தப் பக்கம் உக்காந்து போர்டைத் தட்டறோம். பசங்க அந்தப் பக்கம் உக்காந்து கணக்குப் போடட்டும். அதுல என்ன கஷ்டம்? சின்னப் பசங்களே பண்றாங்க!"

கைதூக்கச் சொன்னார்கள். நாற்பத்தொன்றுக்கு இரண்டு. இரண்டில் ஒன்று குல்ஷன். இன்னொன்று, பின்வரிசையில் காது வரைக்கும் மட்டும் தூக்கப்பட்டிருந்த சௌகத் அலியின் கை. வீட்டுக்கு வந்ததும் ரூக்சார் தன் நோட்டைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் எறிந்தாள். குல்ஷன் குனிந்து அதை எடுத்துத் தட்டி மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு அவங்களுக்கு வேணும்டி. குடுத்துரு."

"ஏம்மா குடுக்கணும்? தெரியாம முழிக்கட்டுமே!"

"கேட்டவங்களுக்கு நான் மறைச்சதே இல்ல. போர்டைத் தலைகீழா புடிச்சவனுக்குக் கூட."

மறுநாள் திங்கட்கிழமை நாலேகாலுக்கு, தலைவர் உட்பட பத்துப் பேர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் எதிர்ப்பக்கம் கணக்கு நோட்டோடு. குல்ஷன் ஒவ்வொரு பெரியவர் முன்னும் ஒரு போர்டும் ஒரு பிள்ளையின் நோட்டும் வைத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினாள். கடைசியில் சொன்னாள்: "இந்தக் காத்திருக்கற வரியை மட்டும் தொடாதீங்க. மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல."

சுந்தரராமன் ஜெனியின் நோட்டை வாங்கிப் பார்த்தார். நாற்பது வரி. அதில் முப்பத்திரண்டு வரி காத்திரு, காத்திரு, காத்திரு. தேர்வுத்தாள் திருத்தும் வேகத்தில் பேனாவை எடுத்தார். "இருநூத்தம்பதுலேர்ந்து பூஜ்யம் வரைக்கும் எண்ணுது. எண்ணி என்ன பண்ணுது? ஒண்ணும் பண்ணல! இதுதான் வேஸ்ட்டுங்கறது. பாத்தீங்களா, யாருமே செக் பண்ணல." பத்து நோட்டிலும் காத்திருக்கும் வரிகளை அடித்தார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். தலைவருக்கு மூக்குக்கண்ணாடி போட்டும் பொத்தான் எழுத்து தெரியாததால் செயலாளர் அவருக்காக அமுக்கினார். "சார், வேணாம் சார்" என்றாள் குல்ஷன். "எல்லாம் எங்களுக்குத் தெரியும்மா" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நாலரைக்கு, சுந்தரராமன் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "சைன் தீட்டா" என்று வாயைத் திறந்தார். பத்து போர்டிலும் எல்லா விளக்குகளும் ஒரே முட்டாக எரிந்தன. சிமிட்ட நேரமில்லாத வேகத்தில் சிமிட்டின என்பதே சரி. அவர் வாயை மூடியபோது மணி ஐந்தரை.

வெளியே காத்திருந்தவர்களுக்கு அது சாதாரண ஒரு மணி நேரமாகவே இருந்தது. கதவு மூடியிருந்தது, உள்ளே சத்தமில்லை, டேங்க் நிரம்பி வழிந்து தெருவில் ஓடியது. நிறுத்த வேண்டிய மாரிக்கும் உள்ளே ஷாமியானா துணிமேல் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்தரையாகிவிட்டிருந்தது. "இன்னா சார், தூங்கவே இல்ல, அதுக்குள்ள எழுப்பிட்டீங்க?" என்று கோபித்துக்கொண்டு வந்தார். நாலே முக்கால் டியூஷனுக்குச் சுந்தரராமனின் வீட்டு வாசலில் காத்திருந்த மற்ற முப்பது பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு கலைந்து போயிருந்தார்கள். தலைவருக்கு அன்று ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் ஒரு விழாவில் 'சமூகச் சுடர்' என்ற பட்டம் கொடுப்பதாக இருந்தது. மேடையில் பெயரை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாலை வாடிவிடும் என்று மைக் செட்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை இன்றும் கடையில் மாட்டி வைத்திருக்கிறார்.

தப்பு போர்டில்தான் என்று செவ்வாயும் முயன்றார்கள். அன்றும் ஒரு மணி நேரம் போயிற்று. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற இருவருக்கு வேளை தப்பியது. ஒருவர் வீட்டில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் பாத்திரத்தோடு கருகியது. புதன்கிழமை பெஞ்சுக்கு வந்தது நாலு பேர், அவர்களும் போர்டைத் தொடாமலே திரும்பிப் போனார்கள். வியாழக்கிழமை சுந்தரராமன் மட்டும் வந்தார்.

அவர் பெஞ்சில் உட்காரவில்லை. குல்ஷனின் முன்னால் நின்று, தொண்டையைக் கனைத்தார். "அந்த எண்ணற வரி... அது சும்மா எண்ணலையோ?"

"சும்மாதான் சார் எண்ணுது. அதுக்குத்தான் அத வெச்சிருக்கு."

அவர் கரும்பலகையைப் பார்த்தார். அதில் அவர் எழுதிய ஆயிரத்து நானூறு இன்னும் அழியாமல் இருந்தது. "ரெண்டு நாள்ல ரெண்டு மணி நேரம் போச்சும்மா எனக்கு" என்றார், பர்ஸைத் தொலைத்தவர் குரலில். குல்ஷன் ஓரத்திலிருந்த ஒரு ஸ்டூலைக் காட்டினாள். பதினோராவது போர்டு ஒன்று பெட்டியில் அரைகுறையாகக் கிடக்கிறது, சரிசெய்து தருகிறேன், தினமும் தன் கையால் எழுதினால் நாளுக்கு ஆறு நிமிடம் தேறும், இருபது நாளில் சரியாகிவிடும் என்றாள். "ஆனா ஒண்ணு சார். இங்க உக்காந்துகிட்டு பசங்களுக்கு சைன் தீட்டா சொல்லக்கூடாது. உங்க போர்டை நீங்க பாருங்க." சுந்தரராமன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மாணவர்களுக்கான அந்தக் குட்டை ஸ்டூலில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்தார். எதிரே கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்த பத்துப் பிள்ளைகளும் அனுமதிக்குக் காத்திராமல் நோட்டை மூடிவிட்டுத் தங்கள் போர்டுகளுக்குப் போனார்கள். "சார், பொத்தானை இவ்ளோ அழுத்தாதீங்க, வலிக்கப் போவுது" என்றாள், பழகிப் பார்க்கத் தன் போர்டை அவரிடம் நீட்டியிருந்த ஜெனி. அன்று நாலரை மணி மறுபடி நீண்டது.

அடுத்த பொதுக்குழுவில் யக்ஞநாராயணன், மேற்படி ஒரு மணி நேரத்தைச் சிறாருக்கே வழங்கும் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவைச் சங்கம் தானாக முன்வந்து எடுத்திருப்பதாக அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் குல்ஷன் எழுந்து மூன்று விஷயம் கேட்டாள். திறப்பு விழா கூடாது. பேனர் கூடாது. பெரியவர்கள் வருவதானால் போர்டில் உட்காரவேண்டும், நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது. தலைவர் இவற்றைப் பரிசீலிக்க ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று ஆரம்பித்தார். சுந்தரராமன், "அதெல்லாம் வேண்டாம் சார். டைம் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து வந்ததால் அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

2009இல் போர்டுகள் பதினாலு ஆயின. நாலரை மணி எண்பத்துநாலு நிமிடமாயிற்று. ஆஸ்டின் கொயரில் பாடுவதற்குத் தாளம் போட ஒரு போர்டைப் பழக்கினான். ரூக்சார் மோட்டாருக்கு ஒரு நிரல் எழுதியதில் டேங்க் நிரம்பினால் தானே நின்றது. மாரிக்குத் தூக்கம் இன்னும் ஆழமானது. பெரும்பாக்கத்திலிருந்து சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்குத் திரும்பத் தாமதமாகாதா என்று கேட்டதற்கு, இங்கே வந்துவிட்டால் தாமதமாவதில்லையே என்றார்கள். அது நியாயமாகத்தான் இருந்தது. அந்தத் தெருப் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே வளர்கிறார்கள் என்பதைப் பெற்றோர் மெல்ல மெல்லக் கவனித்தார்கள். கணக்குப் பார்த்தால் வருடத்துக்குச் சில நாள்தான் கூடுதல். ஆனால் பிள்ளைகளின் கால்கள் கணக்குப் பார்த்து வளர்வதில்லை. ஜூன் மாதம் சீருடை தைக்க வருகிறவர்களை மெயின் ரோட்டு டெய்லர் ஷாகுல் இப்போதெல்லாம் முதலில், "எந்த நகரு?" என்று கேட்கிறார். பாரிஜாத நகர் என்றால், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பேன்ட்டின் அடிமடிப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுகிறார்.